நாச்சுவையும் உயிரின் சார்பும்

திருச்சிற்றம்பலம்

உயிர் தனித்து நில்லாது, யாதானும் ஒன்றனைச் சார்ந்தே நிற்கும், சார்ந்ததன் வண்ணமாகும். இது சித்தாந்த நூல்கள் ஒருமுகமாகக் கூறும் உயிரிலக்கணம். கட்டுநிலையில் மலத்தைச் சார்ந்து மலமேபோல் நிற்கும் உயிர்தானே, வீட்டுநிலையில் சிவத்தைச் சார்ந்து சிவமேபோல் நிற்கும் என்பர். இவ்விலக்கணத்தை ஓதியுணர்ந்தார் பலர். அதனைத் தாம் நாடோறும் உண்ணும் உணவின்கண் வைத்து ஆராய்ந்தார் சிலரே. இனிப்பின்மேற் செல்லும் அவா என்னும் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு, அவ்விலக்கணம் அதன்கண் எங்ஙனம் விளங்குகின்றது என்பதனையும், அவ்வவாவை அடக்குதற்கு அது காட்டும் நெறி யாது என்பதனையும் ஈண்டு ஆராய்வாம்.

1. இந்நாளை நிலை

சிறு பொருள் என்றது சொல்லளவிலேயாம். அதன் விளைவு சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுதும் நிகழ்ந்த பேராய்வு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. இந்நாட்டில் நீரிழிவுடையார் 10.1 கோடியர் என்றும், அந்நோயின் வாயிலில் நிற்பார் 13.6 கோடியர் என்றும் அது கணித்தது. நாட்டிற் பொதுவாக நூற்றுவரில் 11.4 பேர் என நின்ற அக்கணக்கு, தமிழ்நாட்டில் அதனினும் மிக்கு நின்றது. இந்நோய் ஒரு நாளிற் கொல்வதன்று. விழித்திரையை மெல்லக் கெடுத்துக் கண்ணைக் கவரும், சிறுநீரகத்தை மெலிவிக்கும், காலின் உணர்வை மாய்த்து, ஆறாப் புண்ணை வளர்த்து, இறுதியிற் காலையே வாங்கும்.

சர்க்கரை ஒன்றே இந்நோய்க்குக் காரணம் என்றல் பொருந்தாது. குடிவழி, உடற்பருமை, உழைப்பின்மை, தவிடு நீங்கிய அரிசியை மிகுதியாக உண்டல் முதலிய பலவும் கூடியே அதனை விளைக்கின்றன. எனினும், உடற்பருமைக்கும் நோயின் மிகுதிக்கும் துணையாய், நம் கைக்கு எளிதில் அடங்குவதாய் நிற்பது இனிப்பேயாம்.

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுள்ள சிப்காட் வளாகத்திலும், அதனை அடுத்த தேர்வாய்கண்டிகை வளாகத்திலும் இரும்பு, வார்ப்படம், இரசாயனம், சக்கர உறை முதலியன ஆக்கும் ஆலைகள் பல. அவற்றுட் பல இரவும் பகலும் இயங்குவன. ஆதலின் உழைப்பாளர் வாரந்தோறும் ஷிப்டு மாறித் தொழில் புரிகின்றனர். உறக்கம் குறைந்த உடம்பு இனிப்பையும் கொழுப்பையும் மிகுதியாக விரும்பும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. ஷிப்டு முடிந்து வெளிவருவார்க்கு முதலில் எதிர்ப்படுவது டீக்கடை. 'சர்க்கரை தூக்கலாக' என்று சொல்லிப் பெறும் ஒரு டீயும், அதனோடு ஒரு பன்னும் அவர்க்குக் களைப்பாற்றும் மருந்தாகின்றன. அவர்பாற் குற்றங் காண்பது எமது கருத்தன்று. உழைத்த உடம்பு இளைப்பாறுதலை வேண்டுதல் இயல்பே. அவ்விளைப்பாறுதல் இனிப்பின் வழியாகவே வருதல் வேண்டுமோ என்பதே ஆராயற்பாலது.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் ஓர் அளவு வகுத்தது. நாள் ஒன்றிற்கு உணவாற் பெறும் ஆற்றலிற் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே சேர்க்கைச் சர்க்கரையால் வருதல் வேண்டும். இருபதில் ஒரு பங்கிற்குக் குறைத்தல் இன்னும் நன்று. 2000 கலோரி உண்பார்க்கு முன்னது 50 கிராம். பின்னது 25 கிராம். தேக்கரண்டி ஒன்று 4 முதல் 5 கிராம் சர்க்கரை கொள்ளும். இரு கரண்டி இட்ட டீ நாளொன்றுக்கு நான்கு பருகுவார், பிறிதோர் இனிப்பும் தீண்டாமலே 32 முதல் 40 கிராம் உட்கொண்டாராகின்றார். புட்டியில் விற்கும் குளிர்பானம் பெரும்பாலும் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை உடையது. கால் லிட்டர்ப் புட்டி ஒன்றே 25 கிராமை நிரப்பிவிடும்.

2. சுவை எங்குளது?

இனி, இனிப்பு என்னும் நுகர்ச்சி நிகழுமாற்றைத் தத்துவ முறையில் வைத்துக் காண்போம். சர்க்கரை புறத்தே கிடக்கும் பூதப்பொருள். அதன்கண் உள்ள இரசம் என்னும் புலனை நாக்கு என்னும் பொறி பற்றுகின்றது. பொறி பற்றியதனைச் சித்தம் சிந்திக்கின்றது, மனம் ஐயுறுகின்றது, அகங்காரம் 'யான் நுகர்வேன்' என்று எழுகின்றது, புத்தி 'இஃது இனியது' என்று துணிகின்றது. இவை யாவும் கருவிகளே. இவற்றின் மேலாக வித்தியா தத்துவங்களுள் அராகம் என ஒன்று உண்டு. நுகர்ச்சியின்கண் உயிரின் இச்சையை எழுப்புவது அதுவே. இனிப்பு நாவிற் படுவதற்கு முன்னரே, டீக்கடையின் பாய்லர் ஒலி செவியிற் பட்ட அளவிலே நாவில் நீர் ஊறுகின்றதே, அது நாவின் செயலன்று. பழகிய பழக்கத்தை வாயிலாகக் கொண்டு எழும் இச்சையின் செயல்.

இன்றைய உடல்நூலாரும் இதனோடு ஒருவாறு ஒத்த உண்மையைக் கூறுகின்றனர். இனிப்பு நாவிற் படின் மூளையில் டோபமின் என்னும் பொருள் சுரக்கின்றது. பன்முறை பழகியபின், இனிப்பைக் கண்ட அளவிலும், அதனை உண்ணும் இடத்தையும் காலத்தையும் அணுகிய அளவிலுமே அச்சுரப்பு நிகழ்கின்றது. ஆகவே, அவா பொருளினிடத்து மட்டும் இருப்பதன்று. காலத்திலும், இடத்திலும், உடனிருப்பாரிடத்திலும், களைப்பிலும் கவலையிலும் தன் வேரை ஊன்றி நிற்பது என்பது பெறப்படும்.

3. நாக்குத் திருந்தும், அவா எஞ்சும்

பித்தங்கொண்ட நாவிற்குத் தித்திக்கும் பாலும் கைப்பதாகும். அப்பித்தம் நீங்கியபின் பாலின் இனிமை தானே விளங்கும். உமாபதிசிவாசாரியார் திருவருட்பயனில் எடுத்தாண்ட உவமை இது. சுவை பொருளின்கண் உள்ளதேனும், அஃது உள்ளவாறு விளங்குதற்குப் பொறி திருந்தி இருத்தல் வேண்டும் என்பது இதனாற் போதரும்.

இவ்வுவமையோடு வைத்து எண்ணத்தக்க ஆய்வொன்று 2016-ல் அமெரிக்க நாட்டில் வெளியாயிற்று. அதன்கண் ஒருசாரார் தம் உணவிலுள்ள சர்க்கரையில் நூற்றுக்கு 40 பங்கு அளவு குறைத்து மூன்று திங்கள் வாழ்ந்தனர். மற்றொருசாரார் முன்போலவே உண்டனர். இரு சாரார்க்கும் ஒரே வகைப் பண்டங்களைத் தந்து சுவையளக்கச் செய்தபோது, குறைத்துண்டார் இரண்டாம் திங்கள் முதலே வேறுபாடு காணத் தொடங்கினர். மூன்றாம் திங்களில், பாற்கூழ் ஒன்றனைப் பிறரினும் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு மிகுதியாக இனிப்பதென மதித்தனர். சர்க்கரையைக் குறைத்தார்க்கு எஞ்சிய சிறிதளவே மிக்க இனிமை தருகின்றது என்பது இதன் பயன். 'சர்க்கரை குறைந்தால் வாழ்நாள் முழுதும் சப்பென்று இருக்குமே' என்று அஞ்சுவார்க்கு இது தக்க விடையாம். முதற் சில வாரங்களே சப்பென்றிருக்கும்; பின்னர் நாக்கு நுண்மை பெறும்.

எனினும், அவ்வாய்வு மற்றொன்றும் கண்டது. இனிப்பின் மிகுதியை நாக்கு உணர்ந்ததேயன்றி, இனிப்பின்மேல் உள்ள விருப்பம் மாறவில்லை. இதுவே நாம் நின்று நோக்கற்பாலது. பொறி திருந்தியது, இச்சை திருந்தவில்லை. நாவளவில் நின்று செய்யும் முயற்சி நாவைத் திருத்தும், அதற்குமேற் செல்லாது. குறைத்துப் பழகிய ஒருவர் ஒரு திருமணப் பந்தியிலோ ஒரு துயரிலோ மீண்டும் பழைய அளவிற்கே சென்றுவிடுதல் இதனாலேயாம். புளியம்பழத்தை வழித்தெடுத்த பின்னும் ஓட்டில் புளிப்பு நிற்றல்போல, பழகிய பழக்கம் வாசனையாய் உயிரைப் பற்றி நிற்கின்றது. அவ்வாசனைக்கு மருந்து யாது?

4. தடையும் விடையும்

அதனைக் கூறுமுன் இடையே எழும் தடைகள் சிலவற்றை நீக்குவாம்.

அற்றேல், சர்க்கரை மாயையின் காரியமாதலின் அதனை முற்றும் வெறுத்து ஒதுக்குதலே நெறியாகாதோ எனின், ஆகாது. மாயை உயிர்க்குப் பகையென்பது சித்தாந்தமன்று. ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு விளக்குப்போல் உதவுவது மாயையே. விடியுமளவும் வேண்டப்படுவது விளக்கு. இன்சுலினோ சில மாத்திரைகளோ கொள்ளும் நீரிழிவாளர்க்குச் சிற்சில வேளைகளில் இரத்தத்திற் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் தோன்றும். அப்பொழுது உடனே 15 கிராம் அளவு குளுக்கோஸோ சர்க்கரையோ தருதல் உயிர்காக்கும் மருந்தாம். கொல்வதும் காப்பதும் ஒரே பொருளாயின், குற்றம் பொருளின்கண் இல்லை. அளவின்கண்ணும் சார்பின்கண்ணுமே உள்ளது.

இனி, நோய் முன்னை வினையின் பயனாதலின் நுகர்ந்தே தீர்த்தல் வேண்டும்; உணவைக் காத்தலாற் பயன் என்னை எனின், அதுவும் பொருந்தாது. கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார் குழாத்தைக் குளிர்சுரம் பற்றியபோது, 'இஃது இந்நாட்டின் இயல்பு, நம் வினைப்பயன்' என்று வாளாவிருந்தாரல்லர் திருஞானசம்பந்தர். பதிகம் பாடி அந்நோயை அகற்றினார். நுகர்வினை உடம்போடு வந்ததேனும், இன்று செய்யும் முயற்சியும் வினையே. அதன் பயனும் நம்மையே சாரும். நோயுற்றாரை நோக்கி 'நீ செய்த தீவினை' என்று உரைப்பது சைவர்க்கு அடாது. மருந்தை மறுத்தல் வினைக்கொள்கையன்று. அவ்வினைக்கொள்கையைப் பிழைபட உணர்தலேயாம்.

மூன்றாவது தடை பலருள்ளத்தையும் வருத்துவது. சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் இறைவன் திருமுன் படைத்த பிரசாதம். நீரிழிவாளர் அதனை மறுத்தல் அபசாரமாகாதோ? மறுத்தல் வேண்டா; விரல்நுனி அளவு ஏற்றுக் கண்ணில் ஒற்றி நாவில் இடுக; எஞ்சியதனை உடன் வந்தார்க்கு ஈக. பிரசாதத்திற்குப் பெருமை தருவது இறைவன் நோக்கேயன்றி அளவன்று. திருநீற்றை அள்ளி அள்ளிப் பூசினார்க்கே அருள் மிகும் என்பார் யாருமிலர். 'சாமி பிரசாதம், ஒன்றும் செய்யாது' என்று சொல்லி நோயாளியின் கையிற் கிண்ணம் நிறைய இடுதல் பக்தியன்று. நம் அவாவிற்கு இறைவன் பெயரை இட்டுக்கொள்வதாகும். கோயில் நிருவாகத்தாரும் அன்னம் படைப்பாரும் சுண்டலும் வெண்பொங்கலும் மிகுதியாக வழங்குவாராயின், அது பலர்க்கும் உதவியாம்.

5. ஒரு கனி, இரு நிலை

திருவள்ளூர் மாவட்டத்தின் மேல்பால் உள்ளது திருவாலங்காடு. இன்று அவ்வூரில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ளது. சுற்றுவட்டாரத்துக் கரும்பு வண்டி வண்டியாக ஆண்டு வந்து சேர்கின்றது. அவ்வூரே இரத்தினசபையாய்த் திகழும் திருத்தலம்; காரைக்காலம்மையார் இறைவன் திருவடிக்கீழ் என்றும் இருக்கப்பெற்ற இடம். அம்மையாரின் வரலாறும் ஓர் இனிய கனியினின்றே தொடங்குதல் நினைக்கத்தக்கது.

பரமதத்தன் இல்லத்திற்கு அனுப்பிய மாங்கனி இரண்டு. பசித்து வந்த அடியார்க்கு ஒன்றை அம்மையார் ஈந்தார். மற்றொன்றைக் கணவன் உண்டான். அதன் சுவையில் ஈடுபட்டு மற்றதனையும் வேண்டினான். அம்மையார் இறைவனை நினைய ஒரு கனி வந்தது. அதன் சுவை முன்னதினும் வேறாதலை உணர்ந்து வினவிய அவன், நிகழ்ந்ததனைக் கேட்டு, மெய்யாயின் இன்னும் ஒன்று வருவிக்க என்றான். வந்த கனி அவன் கையிற் புகுந்த அளவில் மறைந்தது. அவன் அஞ்சினான், இல்வாழ்க்கை அன்றோடு பிரிந்தது. இது சேக்கிழார் பெருமான் அருளிய வரலாறு.

இதன்கண் அம்மையார்க்கும் பரமதத்தனுக்கும் எதிர்ப்பட்ட பொருள் ஒன்றே. ஒருவர் அதனைக் கண்டபோது பசித்தவரை நினைந்தார். மற்றவர் கண்டபோது 'மற்றொன்று' என்றார். சுவை மிகுந்ததனால் வேட்கை தணிந்ததோ எனின், இல்லை; தேவர்க்கும் அரிய கனியை உண்டபின்னும் இன்னும் ஒன்று வேண்டும் என்னும் சொல்லே பிறந்தது. இனிப்பை இனிப்பால் நிறைவிக்க முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. பின்னர்த் தசைப்பொதியை உதறி இறைவன் திருமுன் நின்ற அம்மையாரோ, ஆசையின்மையை வேண்டவில்லை. என்றும் அழியாத அன்பையே வேண்டினார். வேட்கை அங்கே அழிந்திலது; சார்பு மாறியது. வாசனைக்கு மருந்து யாது என்று மேல் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவே.

சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் ஐம்புலன்களை வேடராக வைத்து, அவரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமரனாக உயிரைக் காட்டும். அக்குமரன் விடுதலை பெற்றது வேடரோடு போர் செய்து வென்றதனாலன்று. தான் யார் மகன் என்பதனைத் தந்தையே வந்து உணர்த்த, வேடரை விட்டு அத்தந்தையைச் சார்ந்ததனால். நாவோடு போர் செய்வார் சில நாள் வெல்வர், பின் தோற்பர். நாவினும் இனிய ஒன்றனைச் சார்ந்தார்க்கே அப்போர் வேண்டாதொழியும்.

6. கைக்கொள்ளும் முறை

கொள்கை இதுவாயின், செயலில் அதனை எவ்வாறு கொள்வது என்பதனைச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, படிப்படியாகக் குறைத்தல். டீயில் இரு கரண்டி கொள்வார் இரு வாரம் ஒன்றரையும், பின் இரு வாரம் ஒன்றும், பின் அரையுமாகக் குறைத்து வருக. கடையில் 'அரைச் சர்க்கரை' என்று கேட்பதற்கு நாணற்க. சர்க்கரையை விட்டு வெல்லத்தையோ நாட்டுச் சர்க்கரையையோ தேனையோ அதே அளவிற் கொள்வார், பெயரை மாற்றினாரேயன்றிப் பொருளை மாற்றினாரல்லர். செயற்கை இனிப்பூட்டிகளை உடல் எடை குறைக்கும் வழியாகக் கொள்ளவேண்டா என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தது. முன்னரே நீரிழிவுற்றார் அவற்றைப்பற்றி மருத்துவரைக் கேட்டு நடப்பாராக.

இரண்டாவது, அவா எழும் வாயிலை அறிந்து அடைத்தல். பசி முற்றியபின் டீக்கடையை அணுகுவார் இனிப்பை வெல்லுதல் அரிது. ஷிப்டிற்குப் புறப்படுங்கால் வேர்க்கடலையோ, சுண்டலோ, ஒரு கொய்யாவோ கையோடு கொள்க. உலைக்களத்து வெம்மையில் நிற்பார் நீரும் உப்பிட்ட நீர்மோரும் பருகுக. நாவறட்சியையே இனிப்பின் வேட்கையாகப் பிறழ உணர்தலும் உண்டு. இரவு உழைத்தார் பகலில் இருள்செய்த அறையிற் குறைவற உறங்குக. வீட்டில் இனிப்பு இருக்குமாயின் கை தானே செல்லும். ஆதலின் வாங்கி வைத்தலைக் குறைத்தல் நன்று.

மூன்றாவது, எழுந்த அவாவிற்குச் சார்பு மாற்றுதல். அவா எழுந்தவுடன் அதனோடு வாதிடாது, எழுந்து சிறிது நடந்து, ஐந்தெழுத்தை நூற்றெட்டு முறை ஓதுக. அவா அலைபோல எழுந்து அலைபோல் தணிவது. அவ்விடைப்பொழுதைக் கடத்தினார்க்குப் பெரும்பாலும் அது தானே ஓயும். இதனை வெறும் உத்தியாகக் கொள்ளற்க. 'யான் நுகர்வேன்' என்று எழுந்த அகங்காரம், அவ்வேளையில் 'யான் அவனுடைமை' என்று திரும்புதலே இதன் உட்பொருள். நாடோறும் இவ்வாறு பத்து முறை திரும்புவார்க்குச் சர்க்கரையே திருவைந்தெழுத்தை நினைப்பூட்டும் மணியாகிவிடும்.

நான்காவது, ஈதல். திருநாளில் வீட்டிற் செய்த இனிப்பில் தமக்கென ஒரு சிறு பங்கு வைத்து, எஞ்சியதனைப் பிறர்க்குத் தந்து உண்க. ஈந்தார் கையில் கனி வந்ததும், மற்றொன்று வேண்டினார் கையில் மறைந்ததும் மறவற்க.

ஐந்தாவது, அளந்தறிதல். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இல்லம் வந்து நீரிழிவும் இரத்த அழுத்தமும் கண்டு மருந்து தரும் முறையை வகுத்தது. 2024-ல் அதன் வழியே தொழிலிடங்களுக்கும் அத்தகைய திட்டம் தொடங்கப்பெற்றது. முப்பது ஆண்டு கடந்தார் இத்தகைய சோதனையைத் தவறவிடலாகாது. மருந்து உண்பார் மருத்துவரைக் கேளாது உபவாசம் இருத்தலும், மருந்தை நிறுத்தலும் தீது. சோமவாரமும் பிரதோடமும் உடம்பை அழித்தற்கு வந்தனவல்ல.

இவ்வளவும் தொடங்கியபின் இடையே ஒருநாள் வழுவுதல் எவர்க்கும் நேரும். அந்நாளில் 'இனி என்ன' என்று முழுதும் கைவிடுவார் பலர். அவர் நினைக்கத்தக்கவர் நம்பியாரூரர். திருவொற்றியூரிற் சங்கிலியாரைப் பிரியேன் என்று உரைத்த சூள் தவறிக் கண்ணிழந்த அவர், அதனாற் பாடலையோ பயணத்தையோ விட்டாரல்லர். திருவெண்பாக்கத்தில் அவர் பெற்றது கண்ணன்று, ஓர் ஊன்றுகோலே. அதனைப் பற்றி நடந்து கச்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார். அவ்வெண்பாக்கமும் இம்மாவட்டத்ததே; 1944-ல் முற்றுப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்துள் பழைய திருக்கோயில் அகப்பட, அருகே மீண்டும் எழுப்பப்பெற்று இன்றும் வழிபடப்படுகின்றது. முழுப்பேறு ஒருநாளில் வாராதாயின், வந்த ஊன்றுகோலைப் பற்றி நடத்தலே அடியார் நெறி. அரைக்கரண்டி குறைந்தது ஓர் ஊன்றுகோல். ஒருவேளை வென்றது ஓர் ஊன்றுகோல்.

7. முடிபு

மேற்கூறியவாற்றால், இனிப்பு நாவளவில் இன்பமும், அராகத்தளவில் அவாவும், உயிரளவில் ஒரு சார்புமாய் நிற்றலும். நாக்கு சில திங்களில் திருந்துமாயினும் அவா தானே திருந்தாமையும். சார்பின்றி நில்லா உயிர்க்கு ஒன்றை விடுதல் என்பது மற்றொன்றைப் பற்றுதலாலேயே கைகூடும் என்பதும் பெறப்பட்டன. உடம்பு அழியின் ஓதுதற்கு நாவும், காண்டற்குக் கண்ணும், வலம்வருதற்குக் காலும் இல்லை. அவற்றைக் காத்தல் உடம்பின்மேல் வைத்த பற்றன்று. அவற்றைத் தந்தானுக்குச் செய்யும் பணியே. இனிப்பைக் கூறிய நாவே அவன் பெயரையும் கூறுவது. அந்நாவிற்கு எது பெரிதும் இனிக்கின்றது என்பதனை ஒவ்வொருவரும் தம்முள்ளே நாடோறும் வினவிக்கொள்வாராக.

சிவம்.